பலகையில் 40, பில்லில் 37: ஒரு தள்ளுபடி வழக்கின் ஆய்வு

‘ஃபிளாட் 40% தள்ளுபடி’ என்று விளம்பரம் செய்த கடை, 40 சதவீதம் கழித்த விலையின் மேல் வரியைத் தனியாகச் சேர்த்து வாங்கலாமா? உட்லண்ட் என்ற பெயரில் காலணியும் உடையும் விற்கும் ஏரோ கிளப் நிறுவனம், வாங்கலாம் என்று வாதிட்டுத் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் வரை போனது. 2017 ஜனவரி 4 அன்று ஆணையம் கூடாது என்று சொல்லி நிறுவனத்தின் சீராய்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. தொகையைப் பார்த்தால் இது மிகச் சிறிய வழக்கு. ஆனால் சலுகை விளம்பரங்களைச் சட்டம் எந்தக் கண்ணோடு பார்க்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வழக்குகள் அதிகம் இல்லை.

நடந்தது சிக்கலான கதையல்ல. விளம்பரத்தை நம்பி ஒரு வாடிக்கையாளர் கடைக்குப் போனார். அச்சிட்ட எம்.ஆர்.பி.யில் 40 சதவீதத்தைக் கழித்தார்கள். கழித்து வந்த தொகையின் மேல் வாட் வரியை (ஜி.எஸ்.டி.க்கு முன் மாநிலங்கள் வாங்கிய விற்பனை வரி) சேர்த்து பில் போட்டார்கள். எம்.ஆர்.பி. என்றாலே எல்லா வரிகளும் அடங்கிய விலைதானே, பிறகு எதற்கு இன்னொரு வரி என்று அவர் கேட்டார். கடை ஒப்புக்கொள்ளவில்லை. நுகர்வோர் மன்றங்கள் அவர் பக்கம் நின்றன. நிறுவனம் விடாமல் மேலே மேலே போனது. ஒரு பில்லில் சில நூறு ரூபாய்க்கும் குறைவாக நிற்கும் வரிக்காக டெல்லி வரை வழக்கறிஞர் வைத்துப் போராடுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் நிறுவனத்துக்கு அது ஒரு பில் அல்ல, அந்த விற்பனைக் காலத்தில் போட்ட எல்லா பில்களும்தான்.

கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்க்க வேண்டும். வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது. எளிமைக்காக ஒரு சட்டையின் எம்.ஆர்.பி. 4,000 ரூபாய், வாட் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதம் போனால் 2,400. அதன் மேல் 5 சதவீதம் 120 சேர்த்தால் 2,520. வாடிக்கையாளருக்கு உண்மையில் மிச்சமானது 1,480 ரூபாய், அதாவது 37 சதவீதம். பலகையில் இருந்த 40, பில்லின் கடைசி வரிக்கு வரும்போது மூன்று புள்ளி இறங்கிவிட்டது. வரி விகிதம் ஏற ஏற இந்தச் சரிவும் கூடும். தமிழ்நாட்டில் பல பொருள்களுக்கு வாட் 14.5 சதவீதமாக இருந்த நாளில் இதே முறையைக் கையாண்டிருந்தால் 40 சதவீதத் தள்ளுபடி 31.3 சதவீதமாகச் சுருங்கியிருக்கும். இன்றைய 18 சதவீத ஜி.எஸ்.டி.யில் 29.2. நூற்றுக்கு நாற்பது என்று கூப்பிட்டு, முப்பதைக்கூடக் கொடுக்காமல் அனுப்புவதாக ஆகிவிடும்.

சரி, அப்படியானால் வரியை யார் கட்டுவது? 2,400 ரூபாய்க்குள்ளேயே வரி இருக்கிறது என்று கொள்ள வேண்டும். 2,400-ஐ 105-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினால் 114 ரூபாய் 29 காசு. அதை அரசுக்குக் கட்டிவிட்டு மீதி 2,285 ரூபாய் 71 காசைக் கடை வைத்துக்கொள்ள வேண்டும். 4,000 ரூபாய்க்கு விற்றபோதும் இதே முறையில்தான் வரி உள்ளே இருந்தது. விலை குறைந்தவுடன் வரி மட்டும் வெளியே குதித்து வந்தது எப்படி என்பதற்குக் கடைக்காரரிடம் நல்ல பதில் கிடையாது.

நிறுவனத்தின் வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. வாட் சட்டப்படி வரி என்பது விற்ற விலையின் மீது. விற்ற விலை தள்ளுபடிக்குப் பின் உள்ள விலை. ஆகவே அந்த விலையின் மீது வரி வாங்கி அரசுக்குச் செலுத்தினோம். எங்கள் பைக்குள் ஒன்றும் போகவில்லை. சட்டம் சொன்னதைச் செய்ததற்குக் குற்றவாளிக் கூண்டா? கேட்டவுடன் நியாயமாகத்தான் படும். கணக்குப் பிள்ளைகள் பலர் இன்றும் இதைச் சொல்வார்கள்.

ஆணையம் இந்த வாதத்தோடு மல்லுக்கட்டவே இல்லை. வாட் சட்டப்படி வரி வசூலித்தோம் என்ற தற்காப்பு இந்த வழக்குக்குப் பயன்படாது என்று ஒதுக்கி வைத்தது. கேள்வி வரியைப் பற்றியதல்ல, விளம்பரத்தைப் பற்றியது. ‘ஃபிளாட் 40%’ என்று படிக்கும் சாதாரண வாடிக்கையாளர் என்ன புரிந்துகொள்வார்? அச்சிட்ட விலையில் 40 சதவீதம் குறைவாகக் கொடுத்தால் பொருள் கைக்கு வரும் என்றுதான். எம்.ஆர்.பி.யில் 40 சதவீதத்துக்குக் குறைந்த எந்தத் தள்ளுபடியும் அப்போது நடப்பில் இருந்த 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(1)(ஆர்) பிரிவின்படி நியாயமற்ற வணிக நடைமுறையே என்று ஆணையம் கண்டது. மலிவு விலை என்று ஆசை காட்டிவிட்டு, உண்மையில் அந்த விலைக்குக் கொடுக்கும் எண்ணமே இல்லாமல் செய்த விளம்பரம் என்பது அதன் முடிவு.

இந்தத் தீர்ப்பின் பலம் இங்கேதான் இருக்கிறது. பணம் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அது கேட்கவில்லை. அரசுக் கருவூலத்துக்கே போயிருக்கட்டும். வாக்கு எதுவோ அதுதான் விலை. வரி, போக்குவரத்து, பேக்கிங் எல்லாம் விற்பவர் தம் வீட்டுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு, அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. தீர்ப்பின் தர்க்கம் எம்.ஆர்.பி.யின் மேல் நிற்கிறது. சட்டமுறை எடையளவு, பொட்டலப் பொருள்கள் விதிகள், 2011-இன்படி அந்த விலை எல்லா வரிகளும் அடங்கியது. அச்சிட்ட விலையே இல்லாத பொருளுக்கும் சேவைக்கும் ‘வரி தனி’ என்று சொல்லி விற்பது தானாகவே தவறாகிவிடாது. ஆனால் அதைச் சலுகையைச் சொன்ன அதே குரலில் சொல்ல வேண்டும். எண்ணைப் பலகை நிறைய எழுதிவிட்டு, வரியைப் பற்றிக் கீழே எறும்பு அளவில் எழுதுவது வேறு சங்கதி.

நட்சத்திரக் குறியின் கதி

‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்ற சொற்றொடரின் மேல் நம் கடைக்காரர்களுக்கு அபார நம்பிக்கை. ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டால் எதையும் சொல்லலாம் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. 2017-இல் இதற்குச் சற்று இடம் இருந்திருக்கலாம். 2022 ஜூன் 9 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் என்ற வேறொரு அமைப்பு தவறான விளம்பரங்களைத் தடுக்க வெளியிட்ட வழிகாட்டு நெறிகளுக்குப் பிறகு அந்த இடம் மிகவும் குறுகிவிட்டது. அவற்றின்படி, விளம்பரத்தோடு வரும் பொறுப்புத் துறப்பு வாசகம் முக்கியச் செய்தியை விளக்கலாம், தெளிவுபடுத்தலாம். அதற்கு முரணாகப் பேசக் கூடாது. தவறாக வழிநடத்தும் ஒரு கூற்றைத் திருத்தும் கருவியாகவும் அதைப் பயன்படுத்தக் கூடாது. ‘ஃபிளாட் 40%’ என்பது முக்கியச் செய்தி. ‘வாட் தனி’ என்பது அதற்கு முரண். இன்று அதே வழக்கு வந்தால் நிறுவனத்தின் நிலை 2017-ஐ விடவும் மோசமாக இருக்கும்.

அதே நெறிகளில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு விதி இருக்கிறது. பொறுப்புத் துறப்பு வாசகம் கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும். எழுத்துரு கூற்றின் எழுத்துருவாகவே இருக்க வேண்டும். தமிழ் நாளிதழ் ஒன்றை விரித்து ஆடித் தள்ளுபடி விளம்பரங்களை இந்த ஒரு விதியை மட்டும் மனத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய தமிழ் எழுத்தில் சலுகை, அடியில் பொடி ஆங்கிலத்தில் நிபந்தனை. இப்படி அச்சேறும் ஒவ்வொன்றும் விதிமீறல். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் நிபந்தனை, தெரியாதவருக்கு வெறும் ஆசை என்ற ஏற்பாடு இது. என்னைக் கேட்டால், இந்த நெறிகளிலேயே சாமானியருக்கு அதிகம் உதவக்கூடியது இந்த விதிதான். ஆனால் இதைச் சொல்லிக் கடைக்காரரைக் கேள்வி கேட்பவர்கள் குறைவு.

‘50% வரை’ என்ற வகை விளம்பரத்துக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். ‘வரை’ என்ற சொல் தானே குற்றமல்ல. கடை முழுக்கப் பத்து சதவீதமும், மூலையில் இருக்கும் விற்காத சரக்குக்கு மட்டும் ஐம்பதும் கொடுத்துவிட்டு, ஐம்பதைப் பெரிதாகவும் ‘வரை’யைச் சிறிதாகவும் எழுதும்போது சிக்கல் தொடங்குகிறது. குறைந்த இருப்பே உள்ள பொருளைக் காட்டி இழுப்பதை அந்த நெறிகள் தூண்டில் விளம்பரம் என்று தனியாகவே பேசுகின்றன. எதிர்பார்க்கத்தக்க தேவைக்குப் போதுமான இருப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் இருப்பு குறைவு என்பதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். இணையக் கடைகளின் ‘இன்னும் இரண்டே மீதம்’, ‘சலுகை பத்து நிமிடத்தில் முடிகிறது’ போன்ற பொய் அவசரங்களை 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட வேறொரு வழிகாட்டு நெறித் தொகுப்பு தடை செய்கிறது. மொத்தம் 13 தந்திரங்களை அது பட்டியலிடுகிறது. தொடக்கத்தில் ஒரு விலை காட்டி, பணம் கட்டும் பக்கத்தில் துளித்துளியாகக் கட்டணம் சேர்ப்பதும் அதில் ஒன்று. ஏரோ கிளப் பில்லில் நடந்ததன் இணைய வடிவம் என்றே அதைச் சொல்லலாம்.

எதிலிருந்து 40?

இந்த வழக்கில் ஒரு கேள்வி எழவே இல்லை. 40 சதவீதத்தைக் கழிக்கும் அந்த மூல விலை உண்மையானதா? எம்.ஆர்.பி. அச்சிட்டிருந்ததால் அதைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. ஆனால் நடைமுறையில் பெரிய ஏமாற்று அங்கேதான் நடக்கிறது. யாரும் ஒருநாளும் கொடுக்காத விலையை அச்சிட்டு, அதை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘சலுகை விலை’ எழுதுவது.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு இதற்கு ஒரு கூர்மையான விதி வைத்திருக்கிறது. ஒரு பொருள் வழக்கமாக என்ன விலைக்கு விற்கப்படுகிறது என்பதில் மக்களைத் தவறாக வழிநடத்துவது நியாயமற்ற வணிக நடைமுறை. ‘பழைய விலை’ என்று நீங்கள் ஒரு எண்ணைச் சொன்னால், அது சந்தையில் மற்ற விற்பனையாளர்கள் பொதுவாக விற்கும் விலை என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எங்கள் கடையின் பழைய விலை என்று தெளிவாகக் குறிப்பிட்டால்தான் விலக்கு. அப்படிக் குறிப்பிட்டால் அந்த விலைக்கு நீங்கள் உண்மையிலேயே விற்றிருக்க வேண்டும். பழைய பில்களைக் காட்ட நேரலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் இதை இன்னும் இறுக்கமாகச் செய்திருக்கிறது. 2022 மே 28 முதல் அங்கே தள்ளுபடி அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய குறைந்தது 30 நாள்களில் தான் விற்ற மிகக் குறைந்த விலையையே ‘முந்தைய விலை’யாகக் காட்ட வேண்டும். ஜெர்மனியின் ஆல்டி சூட் என்ற பல்பொருள் கடைத் தொடரைப் பற்றிய வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ஒரு படி மேலே போனது: அந்தக் குறைந்த விலையை ஓரத்தில் அச்சிட்டால் போதாது, சதவீதத்தையே அதிலிருந்துதான் கணக்கிட வேண்டும். இந்தியாவில் இப்படி நாள் கணக்கு எதுவும் கிடையாது. அதனால் வழக்கில் மூல விலையை நிரூபிப்பது வாடிக்கையாளருக்குக் கடினம். நம் சட்டத்தின் ஓட்டை இது, எம்.ஆர்.பி. இருக்கிறதே என்ற அலட்சியத்தில் விட்டுவைத்த ஓட்டை. எம்.ஆர்.பி. அதிகபட்ச விலைதான், வழக்கமாக விற்கும் விலைக்கு அது சாட்சி அல்ல.

சிறு குறிப்பு ஒன்று. விலையைக் குறைத்து ஒட்டும் ஸ்டிக்கர், உற்பத்தியாளர் அச்சிட்ட எம்.ஆர்.பி.யை மூடக் கூடாது என்று பொட்டலப் பொருள்கள் விதிகள் சொல்கின்றன. குறைத்து விற்பது நல்ல காரியம்தானே என்று பழைய விலையின் மேலேயே ஒட்டிவிடும் கடைகள் அபராதம் கட்ட நேர்வது இதனால்தான்.

இலவசம் என்று இரண்டு துறைகளிடம் சொல்வது

ஏரோ கிளப் வழக்கு ஜி.எஸ்.டி.க்கு முந்தையது. 2017 ஜூலை 1-க்குப் பிறகும் அடிப்படை மாறவில்லை: எம்.ஆர்.பி.க்குள் ஜி.எஸ்.டி. அடக்கம். ஆனால் தள்ளுபடியும் வரியும் முட்டிக்கொள்ளும் இடங்கள் புதிதாகச் சில முளைத்திருக்கின்றன.

மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 15(3) பிரிவுப்படி, விற்கும்போதே கொடுத்துப் பில்லில் பதிவு செய்த தள்ளுபடிக்கு வரி கிடையாது. பில்லில் எழுதாமல் வாய்மொழியாகக் குறைத்தால் இந்த விலக்கைக் கேட்க முடியாது. ஆடைகளில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் ஆடையின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய்க்குள் இருந்தால் 5 சதவீதம், தாண்டினால் 18 சதவீதம். எம்.ஆர்.பி. 3,200 ரூபாய் உள்ள சட்டையை 40 சதவீதத் தள்ளுபடியில் 1,920-க்கு விற்றால், அது 18-இலிருந்து 5-க்கு இறங்கிவிடுகிறது. 1,920 ரூபாய்க்குள் அடங்கிய வரி 91 ரூபாய் 43 காசு. பில் போடும் மென்பொருளில் விகிதத்தை மாற்றாமல் 18 சதவீதமாகவே விட்டால் 292 ரூபாய் 88 காசு. ஆக இங்கே தள்ளுபடியின் சுமையில் ஒரு பகுதியை வரிக் குறைப்பே தாங்கிக்கொள்கிறது. இப்படிப்பட்ட பில்லில் மேலே வரி சேர்த்து வாங்குபவருக்கு, 2017-இல் இருந்த அந்த அரைகுறை நியாயம்கூடக் கிடையாது.

‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ இன்னும் சுவையானது. வரிச் சட்டத்தில் இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடைக்காது. 17(5) பிரிவு பரிசுக்கும் இலவச மாதிரிக்கும் அந்த வரவைத் தடுத்துவிடுகிறது. அப்படியானால் இந்தத் திட்டத்தில் இரண்டாவது சட்டைக்கு வரவு போய்விடுமே என்று வணிகர்கள் கலங்கினார்கள். 2019 மார்ச் 7 அன்று வந்த 92-ஆம் எண் ஜி.எஸ்.டி. சுற்றறிக்கை கலக்கத்தைத் தீர்த்தது: இதில் எதுவும் இலவசம் அல்ல, ஒரே விலைக்கு இரண்டு பொருள்கள் விற்கப்படுகின்றன, ஆகவே வரவு எடுத்துக்கொள்ளலாம். வணிகருக்கு நிம்மதி.

அதே வணிகர் நுகர்வோர் ஆணையத்தின் வாசலுக்கு வரும்போது கதை மாறுகிறது. விலையின் முழுமையோ பகுதியோ மொத்தத் தொகைக்குள் அடங்கியிருக்கும்போது, ஒரு பொருள் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது என்ற எண்ணத்தை உண்டாக்குவது 2(47) பிரிவின்படி நியாயமற்ற நடைமுறை. வரி அதிகாரியிடம் ‘இலவசம் இல்லை’ என்றும் வாடிக்கையாளரிடம் ‘இலவசம்’ என்றும் ஒரே திட்டத்தைச் சொல்ல வேண்டிய நிலை. இரண்டையும் சேர்த்து நிறுத்த ஒரே வழி 2022 நெறிகளில் இருக்கிறது: இலவசத்தைப் பெற வாடிக்கையாளர் வாங்க வேண்டிய பொருளின் விலையை ஏற்றியிருக்கக் கூடாது, அளவையோ தரத்தையோ குறைத்திருக்கக் கூடாது, பேக்கிங், கையாளும் செலவு என்று எதையும் தனியாக வாங்கக் கூடாது. நேற்று 800 ரூபாய்க்கு விற்ற ஒற்றைச் சட்டை இன்றும் 800 ரூபாய் என்றால், இரண்டாவதை இலவசம் என்று அழைக்கலாம். திட்டம் தொடங்கும் நாளில் அது 1,300 ஆகியிருந்தால் அந்தச் சொல்லுக்கு உரிமை இல்லை. நகைக்கடைகளின் ‘சேதாரம் இல்லை’ விளம்பரங்களையும் இதே கேள்வியால் சோதிக்கலாம்: சேதாரத்தை விட்டுவிட்டு அதைக் கிராம் விலையில் ஏற்றியிருக்கிறார்களா?

குலுக்கல் பரிசு பற்றித் தமிழ்நாட்டு வணிகர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. பொருள் வாங்கியவர்களுக்குள் சீட்டுக் குலுக்கிப் பரிசு தருவதை 1979-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் தடுக்கிறது. நாடு முழுக்க விற்கும் நிறுவனங்களின் போட்டி விளம்பரங்களில் ‘தமிழ்நாட்டில் இச்சலுகை செல்லாது’ என்ற வரி தென்படுவதற்கு இதுதான் காரணம். அடுத்த மாநிலத்தில் வெற்றி பெற்ற திட்டத்தை அப்படியே இங்கே இறக்குமதி செய்யும் கடைக்காரர் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தண்டனையும் சாட்சியமும்

1986 சட்டத்தில் ஏரோ கிளப் போன்ற வழக்கின் விளைவு பெரும்பாலும், வாங்கிய வரியைத் திருப்பிக் கொடுப்பதும் கொஞ்சம் இழப்பீடும் வழக்குச் செலவும்தான். பல லட்சம் பில் போடும் நிறுவனம் ஒருவருக்குப் பணம் திருப்பிக் கொடுத்துவிட்டு மற்றவர்களிடம் வாங்கியதை வைத்துக்கொள்ள முடிந்தால், தோற்றாலும் லாபம்தான். தீர்ப்பைப் பாராட்டுபவர்கள் இந்தப் பக்கத்தைப் பேசுவதில்லை. 2019 சட்டம் இதைச் சற்று மாற்றியது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் யாரும் வழக்குப் போடாமலே தானாக முன்வந்து விசாரிக்கலாம், விளம்பரத்தை நிறுத்தச் சொல்லலாம், 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. அந்தச் சட்டத்தின் 89-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு.

தனி வாடிக்கையாளருக்கும் வழி எளிதாகியிருக்கிறது. குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கறிஞர் கட்டாயமல்ல. முதலில் 1915 என்ற உதவி எண்ணை அழைத்தாலே சில கடைகள் இறங்கி வந்துவிடும்.

ஆனால் இத்தகைய வழக்குகள் பில்லால் மட்டும் நிற்பதில்லை. என்ன வாங்கினார்கள் என்பதைப் பில் காட்டும், என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பதைக் காட்டாது. சலுகைக் காலம் முடிந்த மறுநாளே பலகை இறங்கிவிடும், இணையப் பக்கம் மாறிவிடும். ஆகவே பணம் கட்டும் முன் பலகையை ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும், நட்சத்திரக் குறியின் கீழே உள்ள பொடி எழுத்தும் படிக்கத் தெரியும் அளவுக்குப் பக்கத்தில் நின்று.